கேட்டவருக்கெல்லாம் மைக் கொடுத்த அண்ணன்

மைக்செட்டு அண்ணன் ஒரு கூட்டத்தைத் தொடங்கி வைக்கிற விதமே தனி. மற்றவர்கள் மைக்கைத் தட்டுவார்கள், ஊதுவார்கள், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். இவர் அப்படி ஒன்றும் செய்ய மாட்டார். மைக்கை எடுத்து வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "கடைசியில நிக்க ஆளுக்குக் கேக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு காத்து நிற்பார். கடைசியில் நிற்கிற யாராவது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது வரைக்கும் தலைவர் மேடையில் வேர்த்து வழிந்தாலும் சரி, குருவானவர் கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி, மைக் அவர்கள் கைக்குப் போகாது.

"முன்னால இருக்கவனுக்கு மைக்கே வேண்டாம், அவனுக்குச் சும்மாவே கேக்கும். மைக்கு பின்னால நிக்கவனுக்கு உள்ளதாக்கும்" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவர் மைக்செட்டு அண்ணன்தான். அவர் மனைவியே யாரிடமாவது பேசும்போது "எங்க வீட்டு மைக்செட்டு" என்றுதான் சொல்லுவாள். அவர் காலமாகிச் சில வருசம் ஆகிறது. அவர் குரல் மட்டும் இன்னும் என் செவியில் அதே தூரத்தில் கேட்கிறது.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரையில் ஒரு பழைய பட்டணம். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கப்பல் வந்து நின்ற துறை என்று சொல்லுவார்கள். இப்போது கப்பலும் இல்லை, ராஜாவும் இல்லை. கூரை போன இரண்டு பண்டகசாலையும், கடலை ஒட்டிக் கருங்கல் மதில் கட்டிய ஒரு பார்க்கும்தான் மிச்சம் இருந்தன. பார்க் என்றதும் ஊஞ்சலும் சறுக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு காலத்தில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டிய கல் தூண்கள் சில, உப்புக் காற்றில் தேய்ந்த கல் பெஞ்சுகள், கடலுக்கு இத்தனை பக்கத்தில் எப்படி என்று யாருக்கும் பிடிபடாத ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அப்புறம் புன்னை மரங்கள். அந்தப் புன்னைகளின் நிழல் ஒன்றோடொன்று கோர்த்துப் பந்தல் போட்டது மாதிரி இருக்கும். விடியற்காலத்தில் தலையில் மீன் சுமந்து உள்ளூர்களுக்குப் போகிற பெண்கள் உச்சி வெயிலில் திரும்பி வந்து, கிணற்றில் கை கால் கழுவி, அங்கேதான் சோற்றுப் பொதியைப் பிரிப்பார்கள். மத்தியானம் வலையின் கிழிசலைப் பொத்துகிறவர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பெருநாளுக்குப் புத்துடுப்போடு ஒரு கூட்டம், கிறிஸ்துமஸ் மறுநாள் இன்னொரு கூட்டம். என் தையல் கடை பார்க் வாசலுக்கு நேர் எதிரே. மெஷினில் உட்கார்ந்தபடியே ஊரின் எல்லாக் கூட்டங்களையும் நான் பார்த்துவிட்டேன்.

ஊருக்கு மைதானம், மண்டபம் எல்லாமே அந்தப் பார்க்தான். அதனால் அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் கூம்பு ஸ்பீக்கர் ஹாரன்களும் அங்கேதான் பாதி நாள் கிடக்கும். கோயில் கொடை, மாதா திருநாள், அய்யாவழிக்காரர்களின் ஊர்வலம், மீலாது கூட்டம், தேர்தல், இரங்கல் என்று எதற்கானாலும் அவர்தான். ஒரு தேர்தலில், ஒன்றுக்கொன்று பரம விரோதிகளான இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே சாயங்காலத்துக்கு அவரைப் பேசி வைத்துவிட்டார்கள். வேறு ஆளாயிருந்தால் ஒரு பக்கம் கையை விரித்திருப்பார். அண்ணன் பார்க்கின் தெற்கு மூலையில் ஒரு மேடை, வடக்கு மூலையில் ஒரு மேடை போட்டு, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இவர் பேசி முடிக்கிற வரை அந்த மைக்கை அணைத்து வைப்பார், அவர் பேசி முடிக்கிற வரை இந்த மைக்கை. இரண்டு கட்சித் தொண்டர்களும் வேறு வழியில்லாமல் இரண்டு பேச்சையும் முழுசாகக் கேட்டார்கள். "இதுபோல ஒரு தேர்தல் கூட்டம் உலகத்தில நடந்திருக்காது" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

கேட்டவருக்கு மைக்கை மறுக்கக் கூடாது. இதுதான் அவருடைய வேதம். ஒரு கல்யாண வரவேற்பில் குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் சித்தப்பன் மேடையேறி, "எனக்கு ரெண்டு வார்த்த பேசணும்" என்றான். எல்லோரும் அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள். அவர் மைக்கைக் கொடுத்தார். அவன் தன் அண்ணன், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, சொத்தில் பாகம் பிரித்த கதையைப் போட்டு உடைத்தான். பிறகு மைக்செட்டு அண்ணன் நேரே மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், "இனி நீங்க பேசுங்கோ" என்று மைக்கை நீட்டினார். அவரும் பேசினார். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிரியாணி ஆறிப்போனது.

"நீரு அந்த சுவிச்ச அமத்தியிருந்தா தீர்ந்துதுலா?" என்று நான் மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"சுவிச்சு எனக்க கையில இருக்குன்னு சொல்லிட்டு ஒருத்தனுக்க வாய அடச்சிர முடியுமா பிள்ளே? தொண்டை இருக்கவன் பேசட்டு. செவி இருக்கவன் கேக்கட்டு. எனக்கு வயரு மட்டும் பாத்தா போரும்."

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஊருக்கெல்லாம் மைக்கு குடுப்பாரு. இந்த வீட்டில எனக்கு ஒரு நாளாவது குடுத்தாரான்னு கேளு."

"ஒனக்கு எதுக்குட்டி மைக்கு? நீ அடுக்களையில பேசினா கோட்டாறு சந்தையில கேக்கும்."

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். வாலிபத்தில் அவர் வளைகுடாவில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். அங்கே ஒரு முறை கூட வேலை செய்த ஒருவன் கம்பம் விழுந்து செத்திருக்கிறான். எப்படி விழுந்தது என்று இவருக்குத் தெரியும், இவர் கண்ணால் பார்த்தவர். வரிசையாக நிற்க வைத்து விசாரித்தபோது மேஸ்திரியிடம் மட்டும் கேட்டுவிட்டு, மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டார்களாம். "எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல்ல பிள்ளே. நான் சொல்லதுக்கு ரெடியாட்டு நிக்கேன். கேக்கல்ல." இதை ஒரே ஒரு தரம்தான் சொன்னார். சொன்ன உடனே எழும்பிப் போய் ஒரு வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் பொன்னாடை இல்லாமல் மேடை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அண்ணனின் மேடையில் பொன்னாடை தலைவருக்கும் விருந்தாளிக்கும் மட்டும் என்று இல்லை. அவர் மைக்கில் யார் பேசினாலும், பேசி முடித்ததும் ஒன்று தோளில் விழும். கோட்டாற்றில் மொத்தமாக மலிவுச் சால்வை வாங்கி வருவார். ஓரம் பிரிந்துபோகும் என்பதால் என்னிடம் கொண்டுவந்து மடித்துத் தைத்து வாங்கிக்கொள்வார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திக்கித் திணறி ஒப்பித்தாலும் ஒன்று, மீன்காரி எழும்பி நின்று தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரை ஏசினாலும் ஒன்று.

"இது என்ன அண்ணே, மரியாதைக்கே மரியாதை இல்லாமப் போச்சே" என்று கேலி செய்தேன்.

"பத்து பேருக்கு முன்ன வாயத் தொறந்து நிக்கது லேசுப்பட்ட காரியமா? ஆளு வேர்த்துப் போவான். வேர்த்து நிக்கவனுக்கு ஒண்ணு போத்தாண்டாமா?"

போர்த்துவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். தனியாகப் போர்த்த மாட்டார். கூட்டத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுவார். "நான் ஒருத்தன் போத்தினா அது எனக்க துணி. ரெண்டு பேரு பிடிச்சா ஊருக்க துணி."

இப்படி இருந்த ஊரில்தான் ஒரு நாள் நாலைந்து பேர் வந்து புன்னை மரங்களில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

மெரினா வருகிறது என்றார்கள். முதலில் எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம்தான். சென்னையில் உள்ளதுபோல மணலும் சுண்டலும் வரப்போகிறது என்று நினைத்தோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் வந்து கட்டி நிற்கிற துறை அது. கட்டப்போவது ஒரு கம்பெனி. கடலுக்குள் கல் கொட்டி, கை நீட்டினது மாதிரி அலைத் தடுப்புப் போடுவார்கள். கரையில் ஓட்டல் கட்டுவார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும். அந்த இடம்தான் எங்கள் பார்க். "பூங்கா அழிக்கப்படாது, மேம்படுத்தப்படும்" என்று ஒரு போர்டில் எழுதி வைத்தார்கள். போர்டில் வரைந்திருந்த படத்தில் புன்னை ஒன்றுகூட இல்லை, வரிசையாக ஈச்ச மரங்கள் இருந்தன.

படத்தை எல்லோருக்கும் முந்திப் புரிந்துகொண்டவள் வியாகுலம் அக்கா. அவள் மீன் விற்கிறவள். போர்டுக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, விரலை வைத்து வைத்துத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏட்டி, டெய்லரே! இதில எல்லாரும் நடக்குதாவ, ஒருத்தியும் இருக்கல்லியே. நாங்க எங்கெட்டி இருக்கது?"

அவள் கேட்டது சரிதான். படத்தில் பெஞ்சே இல்லை.

எங்கள் ஊரில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒன்றாகச் சேர்ந்து எதையாவது செய்தது என்றால் அது பார்க்கைக் காக்கிற குழு ஒன்றுதான். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற செல்லத்துரை சார் செயலாளர். அவர் நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் அலைந்து வழக்குப் போட்டார், வேலைக்கு ஒரு தற்காலிகத் தடையும் வாங்கினார். அண்ணன் தினமும் மாலையில் புன்னைக்கடியில் ஹாரனைக் கட்டினார். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். பேசினார்கள். பேசத் தெரியாது என்று ஊர் நினைத்திருந்த பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்களை அந்த பெஞ்சில் வைத்துத்தான் முதலில் கண்டதாக ஒருத்தி சொன்னாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக மூன்றாம் நாள் வரைக்கும் அந்தக் கல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதாக ஒருத்தி சொன்னாள். 

டிவியிலிருந்து ஒரு பெண் வந்து அவரிடமே மைக்கை நீட்டினாள். "நீங்கதானே இங்க முக்கியமானவர், சொல்லுங்க." அவர் அந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல மைக்காக்கும் இது" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற வியாகுலம் அக்காவிடம் கொடுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பேச வைத்த மனிதருக்குத் தனக்கென்று பேசத் தெரியவில்லை. அன்று நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பார்க்கிலேயே நடந்தது. பெரிய அதிகாரி தலைமை. வீடியோ எடுப்பார்கள், ஊர் சொல்வதெல்லாம் பதிவாகும், அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மேலே முடிவு செய்வார்கள் என்று செல்லத்துரை சார் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். கம்பெனிக்காரன் பேச எழும்பினால் எல்லோரும் சத்தம் போட்டு அமர்த்திவிட வேண்டும் என்றும் முதல் நாளே முடிவு. அண்ணன் மட்டும் முணுமுணுத்தார்.

"அது செரியா வருமா சாரே? நம்ம பேசுததை அவன் கேக்கணும்னா, அவன் பேசுததை நம்ம கேக்கணும்லா?"

"ஓய், இது ஒம்ம கல்யாண வீடு இல்ல" என்றார் சார்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. கம்பெனியின் பெரிய ஆள் திரை கட்டிப் படம் காட்டினார். பாதி இங்கிலீஷ். ஒருத்தருக்கும் மனசிலாகவில்லை, அதனால் சத்தம் போடவும் யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவர்கூட ஆதரித்துப் பேசவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அண்ணன் போர்த்தினார். அந்த வெயிலிலும் ஊர் முழுக்கப் பொன்னாடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றியது.

கூட்டம் முடிகிற நேரத்தில் கம்பெனி வரிசையிலிருந்து ஒரு இளம் மேலாளர் எழும்பினான். "எனக்கு ரெண்டு வார்த்த பேசணும்" என்றான், அசல் நம் ஊர்ப் பேச்சில். உடனே ஊர் கத்த ஆரம்பித்தது. "போலே!" "இரிலே!" ஒருத்தன் விசில் அடித்தான். அவன் முகம் வெளுத்து நின்றான். அதிகாரி கூட்டத்தை முடித்துவிடலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் மைக்கை எடுத்தார்.

"மக்கா, கொஞ்சம் பொறுங்க. நம்ம பேசினப்போ அவன் கேட்டுட்டுத்தானே இருந்தான்? இப்ப அவன் பேசட்டு. கேட்டுட்டு ஏசுவோம்."

அவர் சொன்னால் ஊர் அடங்கும். அத்தனை வருசத்துப் பழக்கம். விசில் அடித்தவன்கூட உட்கார்ந்தான்.

அந்தப் பையன் பேசினான். "எனக்க அம்ம கீரிப்பாறையில ரப்பர் பால் வெட்டுன தொழிலாளி. பனியில எழும்பிக் காட்டுக்குப் போவா. அவளுக்கும் இருக்கதுக்கு எடம் கெடையாது, மரத்து மூட்டுலதான் இருப்பா. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று தொடங்கினான். வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் என்றான். மீன் விற்கிற அம்மாமார்களுக்கு ஃபேன் போட்டுத் தனிக் கட்டடம் என்றான். அதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யாக அழுதான் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் வேலை இல்லாமல் நிற்கிற பையன்கள் சிலர் கை தட்டினார்கள்.

அவன் மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். சட்டை முழுக்க வேர்த்து ஒட்டியிருந்தது. அண்ணனின் கை தானாகச் சால்வைக் கட்டுக்குப் போனது.

"வியாகுலம், ஒரு முனையப் பிடி."

அவள் எழும்பிப் போய்ப் பிடித்தாள். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள். அவர் கூப்பிட்டார், அவள் போனாள். அத்தனை பேர் பேசியதற்கும் அப்படித்தானே போர்த்தினார்கள். பழக்க தோஷத்தில் இன்னும் நாலு பேர் கை தட்டினார்கள். செல்லத்துரை சார் தலையில் அடித்துக்கொண்டு எழும்புவதற்குள் கம்பெனி ஆளின் கேமரா நாலைந்து முறை மின்னிவிட்டது.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. கம்பெனி மேலாளருக்குப் பொன்னாடை. ஒரு பக்கம் பார்க்கைக் காக்கிற குழுவின் மைக்செட்டு அண்ணன், மறுபக்கம் மீனவப் பெண் வியாகுலம். பின்னால் கைதட்டும் கூட்டம். திட்டத்துக்கு ஊர் மக்கள் வரவேற்பு என்று மேலே கொட்டை எழுத்து. எங்கள் தோள்களில் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை.

அண்ணன் பேப்பரை என் கடைக்குக் கொண்டுவந்தார். "நான் பேசினவனுக்குத்தானே பிள்ளே போத்தினேன்? திட்டத்துக்கா போத்தினேன்?" என்று கேட்டார். அங்கே வந்த செல்லத்துரை சார் சொன்னார்: "ஓய், நீரு பைசா வாங்கிட்டு சதி செய்திருந்தாகூட இவ்வளவு நேர்த்தியாட்டு செய்திருக்க மாட்டீரு."

அண்ணன் சிரிக்க முயன்றார். சார் சிரிக்கவில்லை.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அந்தப் படத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டினாராம். எதிர்த்ததாகச் சொல்லப்படுகிறவர்களே வரவேற்ற படம் இது என்றாராம். தடை விலகியது. படம் மட்டும்தான் காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் பேச்செல்லாம் பதிவான வீடியோவை யாராவது பார்த்தார்களோ இல்லையோ, மேலே என்னென்ன நடந்ததோ. ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது கையெட்டும் தூரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தது.

மாதா திருநாளுக்கு நாகர்கோவிலிலிருந்து மைக்செட் வந்தது. கொடைக்கும் அப்படியே. யாரும் அவரிடம் சொல்லக்கூட இல்லை. அவராகப் போய், "இந்த வருசம் ஹாரன் எங்க கட்டணும்?" என்று கேட்டபோது, "அது ஏற்பாடாச்சு அண்ணே" என்று முகம் பார்க்காமல் சொன்னார்கள்.

பெரிய அதிகாரியைப் பார்த்து நடந்ததைச் சொன்னால் விளங்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மக்கள் குறை கேட்கிற திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைத் தனக்குள்ளே பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்தது. வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது. எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமல் கையை நீட்டினார்.

"மனுவைக் குடுங்க."

"எழுதிக் கொண்டுவரல்ல சார். கொஞ்சம் பேசணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதரில்லை. களைத்திருந்தார். "பெரியவரே, பின்னால எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாருங்க" என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒருவர், அவர்களுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் தலைகள். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விலகி அந்தப் பெண்ணுக்கு வழி விட்டார்.

"அண்ணே, சொல்லும்! சொல்லிட்டு வாரும்!" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேண்டாம் பிள்ளே. அவளுக்கும் பேசணும்லா."

திரும்பி வருகிற பஸ்ஸில் உதடும் அசையவில்லை.

மரம் அறுக்க வந்த அன்று போலீஸ் வந்து நின்றது. ஊரில் பாதிப் பேர் வரவே இல்லை. சிலர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குள் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை சொல்லியிருந்தார்கள். வந்த சிலரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போனார்கள். புன்னை பூத்திருந்த காலம் அது. ஒவ்வொரு மரமும் விழும்போது வெள்ளைப் பூ ரோடு வரைக்கும் வந்து தெறித்தது. அண்ணன் என் கடைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெஷின் வாளின் சத்தத்தில் என் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"சத்தத்தக் கொறைக்கதுக்குத்தான் இத்தன வருசம் ஒரு திருகு வச்சிருந்தேன். இதுக்கு ஒண்ணும் இல்ல பாத்தியா" என்றார். கிணற்றையும் அன்றே மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு பார்க்கைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். கடலே தெரியவில்லை. சத்தம் மட்டும் வரும். ஃபேன் போட்ட கட்டடம் வரவில்லை. அந்தப் பையனை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அண்ணன் ஹாரன்களையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார். மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மார்த்தாண்டத்தில் மகள் வீட்டுக்குப் போகலாம் என்றும் கூப்பிட்டாள். ஆனாலும் தினமும் ஒரு தரம் என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச்சு குறைந்துபோனது. நான் எதையாவது சொல்லிக்கொண்டே தைப்பேன். அவர் "ம்" போடுவார்.

அவர் மனைவி சொன்னபடி ஊரைவிட்டு மகள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக நடந்தது இது. நல்ல உச்சி வெயில். வியாகுலம் அக்கா மீன் விற்றுத் திரும்பி வந்தாள். தகரத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இருக்க இடமில்லை. ரோட்டோரத்துச் சாக்கடை ஓடையின் திண்டில் கூடையை வைத்து, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சோற்றுப் பொதியைப் பிரித்தாள். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அவள் அண்ணனிடம் பேசியதில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் அவளையும் விட்டு வைக்கவில்லை. "பொன்னாடைக்காரி" என்று பட்டப்பேர் வேறு போட்டிருந்தார்கள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். எழும்பினார். என் கடையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் அவள் பக்கத்தில் வைத்தார்.

"இதில இரி வியாகுலம்."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு உருண்டை சோறு கையில் அப்படியே இருந்தது.

"நீரு நல்ல மனுசன்தான் அண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கெட்டவனா இருந்திருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டு மறந்திருப்பேன். ஒம்ம ஏசவும் முடியல்ல, மறக்கவும் முடியல்ல. போவும். எனக்குச் சோறு திங்கணும்."

அவர் போகவில்லை. முட்டியில் கையை ஊன்றி, அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி, அதே ஓடைத் திண்டில் வெயிலில் உட்கார்ந்தார். இருவரும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்டூல் சும்மா கிடந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெரிய கார் வந்து ஹாரன் அடித்தது. இருவரும் காலை மடக்கி வழி விட்டார்கள்.